பதினேழாம் எதிரி

நெடுஞ்செழியன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஐயா வணக்கம் ஐயா, நம்ம தங்கச்சி ஒருத்தர் மேல ஒரு சின்ன வாரண்டு" என்று டி.எஸ்.பி.யிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்ததை அன்புச்செல்வி பார்த்துவிட்டாள். சற்று முன்புதான் அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரரிடம் சார்ஜர் கேட்டிருந்தார். கூட்டேரிப்பட்டில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் டி.எஸ்.பி. ஏதோ தமாஷாகச் சொல்லியிருக்க வேண்டும், நெடுஞ்செழியன் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "அப்படீங்களா ஐயா" என்றார். டி.எஸ்.பி. பேச்சை மாற்றிவிட்டார் போலிருக்கிறது.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் திரும்பினார். சட்டை அவ்வளவு வெள்ளை. தோளில் துண்டு. தலைக்கு மேல் டீக்கடையின் வெயிலை மறைத்துக் கட்டியிருந்த பேனரிலும் அவரே இருந்தார், இன்னும் கொஞ்சம் சிவப்பாக. மக்கள் உரிமை முழக்கப் பேரவை, மாநில சட்ட ஆலோசகர் என்று பெயருக்குக் கீழே போட்டிருந்தது. அந்தப் பேரவையில் மாநிலம் முழுக்க எத்தனை பேர் என்பது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றால் குறைந்துவிடும் என்ற பயம்.

"பேசிட்டேன். சட்டத்துல உனக்கு ரெண்டு வழி இருக்கு தங்கச்சி. ஒண்ணு, தலைமறைவு."

"அது சட்டத்துல இருக்குதாண்ணே?"

"இருக்குது. கண்டமங்கலத்துல உங்க மாமா வூடு இருக்குதில்ல, பத்து நாள் போய் இருந்துக்கினு வா. சூடு ஆறிடும். ரெண்டாவது, நேரா போயி குத்தத்த ஒத்துக்க. ஒரு தலையாட்டு, முடிஞ்சுது. அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துடலாம்."

"நான் எந்தக் குத்தமும் பண்ணலியேண்ணே."

நெடுஞ்செழியன் டீயை உறிஞ்சிவிட்டு, குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "அது வேற, சட்டம் வேற."

முந்தைய நாள்வரை அன்புச்செல்விக்கு அந்தச் சட்டத்தோடு எந்தச் சகவாசமும் இருந்ததில்லை. புருஷன் பாண்டிச்சேரியில் பெயின்ட் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் போவான். அவள் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் களை எடுக்கவும் போய்க்கொண்டே பத்தாம் வகுப்பை இரண்டாம் முறை எழுதி முடித்தவள். இப்போது அங்கன்வாடி உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். மாதக் கடைசிக்குள் எல்லாச் சான்றும் கொடுக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, எழுத்தர் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முந்தைய சாலை மறியல் வழக்கு. ஆஜராகவில்லை. பிடிவாரண்ட். "எனக்கும் பொண்ணு இருக்குது, அதனால சொல்றேம்மா. நாளானிக்கு வெள்ளிக்கிழம. வெள்ளி சாயந்தரம் யாராவது புடிச்சாங்கன்னா திங்கள்வரைக்கும் உள்ளதான். அதுக்குள்ள வக்கீல பாத்துடு" என்றார். எழுத்தர்கள் எல்லோரும் இப்படிச் சொல்வதில்லை. அவர் சொன்னார்.

"நான் திண்டிவனம் போறேண்ணே. கோர்ட்டுக்கே போய் கேட்டுடறேன்" என்று அன்புச்செல்வி எழுந்தாள்.

"கோர்ட்டுக்கா?" அவர் குரல் ஒரு படி இறங்கியது. "அங்கெல்லாம் நேரா போவக் கூடாதும்மா. ஆள் வெச்சிதான் போவணும்."

"போயி ஆள பாத்துக்கறேன்."

அவளோடு நாத்தனார் ஜெயமும் வந்தாள். ஜெயம் வாயைத் திறந்தால் மயிலம் மலைமேல் கேட்கும். கல்யாண வீடாக இருந்தாலும் சாவு வீடாக இருந்தாலும் பந்தியை அவள்தான் நடத்துவாள். அப்படிப்பட்டவள் கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் ஜெயம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணி. அந்த லெமன் சாதம் ஞாபகம் இருக்குதா?"

"எந்த லெமன் சாதம்?"

"விழுப்புரம் ஆஸ்பத்திரில நீ பாப்பாவ பெக்கறதுக்கு மொத நாளு. நான் எடுத்தாந்து குடுத்தேனே. முட்ட கூட இருந்துதே."

நினைவிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அகோரப் பசி. பொட்டலத்தைப் பிரித்ததும் வாழை இலை வாசம். வலி வருவதற்கு முன்னால் அவள் கடைசியாக ருசித்துச் சாப்பிட்டது அதுதான்.

ஜெயம் சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. அன்றைக்கு ஊரில் பதினெட்டு நாளாகத் தண்ணீர் வராமல், பொம்பளைகள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம். நெடுஞ்செழியன் வந்தார், பேசினார், போட்டோவுக்கு நின்றார், போய்விட்டார். போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சாயந்தரம் விட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதுதான் வழக்கம். மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து, "சாப்பாடு சொல்லணும், பேர் குடுங்க" என்றார். பந்தி நடத்திப் பழகிய ஜெயம் முன்னால் போய் நின்றுகொண்டாள். வந்தவர்கள் பத்தொன்பது பேர். வீட்டில் படுத்திருந்த தன் மாமியாருக்கு ஒன்று, ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்த தங்கச்சிக்கு ஒன்று, நெடுஞ்செழியனுக்கு ஒன்று, மாசமாக இருக்கிற அண்ணிக்கு ஒன்று. அப்பா பெயர், வயது எல்லாம் கேட்டபோதுகூட, போலீஸ் சாப்பாடு என்றால் அப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்தாளாம். இருபத்துமூன்று பொட்டலம் வந்தது. இருபத்துமூன்று பேர் மேல் வழக்கும் வந்தது.

"அடிப்பாவி" என்றாள் அன்புச்செல்வி. கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கினால் அழுகையாகிவிடும் என்று தோன்றியதால் சிரித்தே விட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீ பசியோட இருப்பியேன்னுதான் அண்ணி."

"அப்போ உம்மேலயும் வாரண்டு இருக்கும்டி."

ஜெயம் அதை அதுவரை யோசிக்கவே இல்லை.

திண்டிவனம் கோர்ட்டில் சட்ட உதவி மையம் என்று எழுதியிருந்த அறையில், வழக்கறிஞர் அருணா கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, டிபன் பாக்ஸ் மூடியோடு போராடிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பின்னால் சட்டப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரி எதுவும் இல்லை, சுவரில் ஒரு காலண்டர்தான். அன்புச்செல்விக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நெடுஞ்செழியனிடம் இருந்த கம்பீரத்தில் கால்வாசிகூட இல்லை.

"பீஸு எவ்ளோங்க மேடம்?"

"பொம்பளைங்களுக்கு இங்க இலவசம்மா. வருமானம்லாம் கேக்க மாட்டோம். இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க." வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே போனவள், அரை மணி கழித்து ஒரு கட்டோடு வந்தாள். "நீங்க பதினேழாவது எதிரி. இவங்க பதினாறு."

"நாங்க யாருக்கும்மா எதிரி?" என்றாள் ஜெயம்.

"குத்தம் சாட்டுனவங்கள இங்க அப்படித்தான் சொல்வோம். மனசுல வெச்சுக்காதீங்க." அவள் தாளைப் புரட்டினாள். "வீட்டுக்கு சம்மன் வந்துச்சா?"

"கல்யாணப் பத்திரிகை தவிர எங்க வூட்டுக்கு எதுவும் வந்ததில்லிங்க."

அருணா ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள். இருபத்துமூன்று பேருக்கான சம்மனையும் ஒரே ஆள் வாங்கியிருந்தார். அனைவர் சார்பிலும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கீழே நீளமான கையெழுத்து. அதற்கும் கீழே, மாநில சட்ட ஆலோசகர். ரப்பர் ஸ்டாம்பு கூட அடித்திருந்தார். அந்த ஸ்டாம்பு அடிக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தில், தாளில் என்ன இருந்தது என்பதை அவர் படித்தாரா என்பது சந்தேகம்.

"அன்னிக்கி நீங்க எங்க இருந்தீங்க?"

அன்புச்செல்வி மஞ்சள் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். அங்கன்வாடி வேலைக்காக எல்லாக் காகிதத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். அட்மிட் ஆன தேதி, நேரம், சீல். அருணா அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ ஒரு ருசி தெரிந்தது.

"மேடம், மறைக்கக் கூடாது. அந்தச் சாதத்த நான் சாப்ட்டேன்."

"என்ன சாதம்?"

சொன்னாள். அருணா கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் தோள் குலுங்க இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சாப்டதுக்கு செக்ஷன் இல்லம்மா. இப்ப நான் சொல்றத கவனமா கேளுங்க. ஓடக் கூடாது. நீங்களா வந்து நிக்கறீங்கங்கறதுதான் உங்களுக்கு பலம். இன்னிக்கே மனு போட்டு வாரண்ட ரத்து பண்ணக் கேக்கலாம். சம்மன் உங்க கைக்கு வரலங்கறதுக்கு இந்தக் கையெழுத்தே போதும். அதுக்கப்புறம் குத்தத்த ஒத்துக்கறீங்களான்னு கேப்பாங்க. ஒத்துக்கினா அபராதத்தோட இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா தண்டனைன்னு பதிவாயிடும். வேலைக்கு எழுதித் தர்ற தாள்ல அது காலத்துக்கும் நிக்கும். ஒத்துக்கலன்னா திரும்பத் திரும்ப வரணும். வழக்கு நடக்குதுன்னுதான் நீங்க எழுதித் தர முடியும். இந்தச் சீட்டையும் வெச்சு ஒரு கடிதம் எழுதலாம், அவங்க ஏத்துக்குவாங்களான்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

வாக்கு கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னபோதுதான், அன்புச்செல்விக்கு அந்தக் காலையில் முதல் முறையாக நம்பிக்கை வந்தது.

"நான் உக்காந்தேன் மேடம்" என்றாள் ஜெயம். "நான் பொய் சொல்ல மாட்டேன். உக்காந்ததாலதான் தண்ணி வந்துச்சு."

"தண்ணி கேட்டது குத்தம்னு நீங்க நெனைக்கிறீங்களா?"

"அது எப்படிங்க குத்தமாவும்?"

"அப்ப அதயே சொல்லுங்க. மீதிய நான் சொல்றேன்."

மத்தியானம் இரண்டேகாலுக்கு நெடுஞ்செழியன் வந்து சேர்ந்தார். தங்கச்சியைத் தனியாக விட மனமில்லை என்றார். பேரவை கொடி கட்டிய பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, வராண்டாவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே நடந்தார். அருணாவிடம், "மேடம், இந்தக் கேஸ நான் ஆரம்பத்துல இருந்து மானிட்டர் பண்றேன். ஒத்துக்கச் சொல்லி அட்வைஸ் குடுத்திருக்கேன்" என்றார்.

"உங்க பேரு?"

சொன்னார், பட்டத்தோடு.

"நல்லதாப் போச்சு. நீங்கதான் முதல் எதிரி. உங்களுக்கும் பிடிவாரண்ட் இருக்கு சார்."

நெடுஞ்செழியனின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. அதை எடுத்தார், பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். வராண்டாவின் அந்தக் கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் அவர் பார்வை பைக்கை அளந்தது. கொடி வேறு கட்டியிருந்தது, அதோடு எங்கே தலைமறைவாவது.

"தங்கச்சி" என்றார் மெதுவாக. "இப்ப என்ன பண்ணணும்?"

"ஓடாதீங்கண்ணே" என்றாள் அன்புச்செல்வி. "உள்ள போயி ஒரு படிவம் இருக்குது, அத ரொப்புங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"ஆம்பளைங்களுக்கு வருமானம் கேப்பாங்களாம்" என்று ஜெயம் சேர்த்துக்கொண்டாள். "ஆலோசகருன்னு எழுதிக்கினா இலவசம் கெடைக்காது, பாத்துக்கங்க."

கோர்ட் ஹாலில் கூட்டம். சின்னச் சின்ன வழக்குகள். ஹெல்மெட் போடாதவர்கள், பொது இடத்தில் குடித்தவர்கள், சீட்டாடியவர்கள். ஒத்துக்கொள்பவர்கள் இந்தப் பக்கம் என்று ஊழியர் சொன்னதும், முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். வரிசை வேகமாகப் போனது. பெயர், ஒரு தலையாட்டு, அடுத்தவர். சிலர் கேள்வி முடிவதற்கு முன்பே தலையாட்டினார்கள். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அன்புச்செல்விக்கும் ஒரு நொடி கால் அந்தப் பக்கம் போகப் பார்த்தது. மகள் பள்ளி விட்டு வரும் நேரம்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அருணா மனுவை நீட்டிச் சுருக்கமாகப் பேசினாள். மாஜிஸ்திரேட் சம்மன் தாளை இரண்டு முறை பார்த்தார். "இருபத்துமூணு பேருக்கும் ஒரே ஆளா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த கோர்ட் போலீஸ்காரர் தன் தொப்பியை ஆராய்ந்தார். வாரண்ட் ரத்து என்று எழுதப்பட்ட சத்தம் அன்புச்செல்விக்குக் கேட்டது, பேனா தாளில் உரசிய சத்தம்தான். பிறகு வழக்கைப் படித்துச் சொல்லி, குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"இல்லிங்கய்யா."

குரல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வரிசையில் தலையாட்டக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர், இப்படியும் சொல்லலாமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஜெயம் தன் முறை வந்தபோது, "தண்ணி கேட்டேங்கய்யா, குத்தம் பண்ணல" என்றாள், பந்தியில் சாம்பார் கேட்கும் குரலில். யாரும் அவளை அதட்டவில்லை.

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி. வாய்தாச் சீட்டை நான்காக மடித்து மஞ்சள் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வைத்தாள். அங்கன்வாடி அலுவலகத்துக்கான கடிதத்தை நாளைக்கு எழுதித் தருவதாக அருணா சொன்னாள். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. வரட்டும்.

வெளியே வந்தபோது ஊழியர் வாசலில் நின்று கூப்பிட்டார். "நெடுஞ்செழியன்." முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லாமல் வெறும் பெயர். அவர் தூணருகே நின்றுகொண்டு, வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "நெடுஞ்செழியன்."

"இங்க இருக்காருங்க" என்று அன்புச்செல்வி குரல் கொடுத்தாள்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசற்படிக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். மற்றவர்கள் எல்லோரும் செருப்போடுதான் போய்வந்துகொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து, தலையாட்டி முடித்தவர்கள் பஸ்ஸுக்கு அவசரமாக வெளியே வர, அவருடைய வெள்ளைச் செருப்பில் ஒன்று உதைபட்டுக் கவிழ்ந்து படியோரம் போய் விழுந்தது. அன்புச்செல்வி நின்றாள். அதைக் காலால் புரட்டி, இன்னொன்றின் பக்கத்தில், வெளியே போகிற திசை பார்த்துத் தள்ளி வைத்துவிட்டு, ஜெயத்தின் பின்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.