மைக் யார் கையில்

திக்கிப் பேசுகிறவர்களுக்கான அந்தக் குழு கைபேசியில்தான் பிறந்தது. அதைத் தொடங்கியவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் ஒரு கண்ணாடி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி உள்ள அறை அவளுடையது. பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்துவிட்டாள். ஒருவர் இன்னொருவரைக் கூட்டிவர, குழு கைக்கு அடங்காமல் பெருத்துவிட்டது. காலையில் போட்ட பயிற்சிப் பதிவு மதியத்துக்குள் 'இனிய காலை' படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். புதிதாக வந்தவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திருதிருவென விழிப்பார்.

"அண்ணி, இதுக்குன்னே தளங்கள் இருக்கு," என்றான் அவள் கொழுந்தன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு வீட்டில் அவனைத்தான் காட்டுவார்கள். "உறுப்பினர் மட்டும் உள்ள வரலாம். பாடம் ஒரு பக்கம், அரட்டை ஒரு பக்கம், வாரக் கூட்டத்துக்குத் தனி அறை. நான் தேடித் தரேன், விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியும் கையுமாகச் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தான். ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் இரண்டு தளங்கள் மிஞ்சின. ஒன்று கண்ணைப் பறித்தது. பேச விரும்புகிறவர் கை உயர்த்தினால் வரிசையில் சேர்த்துக்கொள்ளும். ஒருவர் முடித்ததும் மைக்கைத் தானே அடுத்தவரிடம் கொடுத்துவிடும். மற்றது சாம்பல் நிறத்தில், துடைக்காத ஜன்னல் மாதிரி இருந்தது. அதில் கூட்டம் நடத்துகிறவர்தான் மைக்கைக் கையால் மாற்றிவிட வேண்டும்.

"முதல்ல பாத்ததுல நீங்க யாரையும் மேய்க்கவே வேணாம் அண்ணி. அதுவே பாத்துக்கும்."

வாரம் முழுக்க மேய்த்துக் களைத்தவளுக்கு அந்தப் பேச்சு இனித்தது. "அப்ப அதையே எடுத்துடலாம்."

சோதனைக் கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைத்தார்கள். அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத ஒருவர் கை உயர்த்தினார். மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா. அதுவரை குழுவில் எழுதியிருக்கிறாரே தவிர, குரலை யாரும் கேட்டதில்லை. கடையிலும் எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதை அட்டையைத் திருப்பி விரலால் காட்டியே பழகியவர்.

"எல்லாருக்கும் வ-வணக்கம். நான் ம... ம..."

உதடுகள் ஒட்டிக்கொண்டன. இறுகிய கதவை ஒருவர் தோளால் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். காத்திருந்தார்கள். தளத்துக்குத் தெரியவில்லை. சத்தம் இல்லை என்றால் பேச்சு முடிந்தது என்பதுதான் அதன் கணக்கு. 'நன்றி! அடுத்தவர் பேசலாம்' என்று பலூன் படத்தோடு ஒரு வரி மேலே எழுந்தது. அக்காவின் முகம் சிறிய சதுரமாகி ஓரத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அவருக்குச் சொல் வந்தது. வாய் அசைந்தது, யாருக்கும் கேட்கவில்லை.

வரிசையில் அடுத்து இருந்தவர் ஒரு கட்டட வரைவாளர். மைக் தன்னிடம் வந்ததும் பதறிப்போனார். "நா-நான் கேக்கல... அவங்க இன்னும் மு-முடிக்கல..."

அதற்குள் அக்கா வெளியேறிவிட்டார். அந்தச் சதுரம் காணாமல் போயிருந்தது.

கொழுந்தன் அமைப்புகளையெல்லாம் குடைந்தான். நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டான். "காத்திருக்கற நேரத்தக் கூட்டிக்கலாமாம் அண்ணி. மொத்தமா எடுக்க முடியாதாம். அதிகபட்சமா வெச்சுட்டாப் போதும்ல?"

"எவ்வளவு நேரம் போதும்னு நீ சொல்லுவியா?"

கேட்டது அவனைத்தான் என்றாலும், அந்தக் கேள்வி அவளையே போய்க் குத்தியது. காத்திருப்பதுதான் அவள் தொழில். அந்த வேலையைத்தான் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. அவளே கடைக்குப் போனாள். கூட்டம் குறையும்வரை எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நான் சரியாப் பாக்காம எடுத்துட்டேன்."

அக்கா இருமல் மருந்துப் புட்டிகளை நேராக்கிக்கொண்டே பேசினார். "எங்க வீட்டுல, க-கடையில, எல்லாருமே நான் சொல்ல வர்றத அவங்களே மு-முடிச்சு வெப்பாங்க. அது பழகிடுச்சு. ஆனா நன்றி சொல்லி வாய அடைச்சது உங்க த-தளம் மட்டுந்தான்."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அக்காவே முதலில் சிரித்தார்.

"இன்னொரு தளம் இருக்குக்கா. பாக்க நல்லா இருக்காது. சேர வேணாம், நீங்க வந்து சோதிச்சு மட்டும் சொல்லுங்க."

அக்காவும் வரைவாளரும் வந்தார்கள். சாம்பல் தளத்தில் வேண்டுமென்றே திக்கினார்கள், வேண்டுமென்றே பேசாமல் இருந்தார்கள். மைக் அசையவில்லை. ஆனால் அங்கேயும் அக்கா ஒன்றைக் கண்டுபிடித்தார்: சிறிது நேரம் பேசாதவர் பெயருக்குப் பக்கத்தில் தூங்குகிற நிலாப் படம் வந்தது. "இ-இத எடுத்துடுங்க. பேசாதவங்க தூங்கறாங்கன்னு யாரு சொன்னா?" கொழுந்தன் மறுபேச்சு பேசாமல் எடுத்தான்.

குழு அங்கே குடியேறியது. எல்லோரும் வரவில்லை. 'மின்கட்டணம் கட்டுற இடம் மாதிரி இருக்கு' என்று எழுதிவிட்டுச் சிலர் விலகினார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். அது அவளுக்கு வலித்தது. எல்லோருக்கும் பொருந்துகிற வாசல் ஒன்று இருக்கிறதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முதல் கூட்டத்தில் மைக்கை மாற்றும் வேலையைக் கொழுந்தனிடம் கொடுத்தாள். அக்கா கை உயர்த்தினார். இந்த முறை முதல் சொல்லிலேயே கதவு இறுகிவிட்டது. கொழுந்தன் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்தச் சொல்லை அவனே சொல்லிவிடத் துடிக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

"தே... தேடுற பெட்டி சரியில்ல," என்றார் அக்கா கடைசியில். "ப-பழைய பயிற்சி ஒன்னுமே கெடைக்க மாட்டேங்குது. அப்புறம், எழுத்து ரொம்பப் பொ-பொடிசா இருக்கு. நான் இன்னும் மு-முடிக்கல, இருங்க."

இன்னும் நான்கு குறைகள் இருந்தன. ஒவ்வொன்றாக, நிதானமாக, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.