சுகப்பிரியாவின் குரல்

"நா பேசுனத எல்லாம் அழிச்சிருங்கக்கா" என்று சுகப்பிரியா சொன்னபோது முத்துச்செல்வி ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுத்திருக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி, பெண்கள் விடுதிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரோ சூப்பர்வைசர் காதுல போட்டுட்டாவ. கம்பெனி லைன்ல மயங்கி விழுந்த பிள்ளயப் பத்தி வெளியாள்ட்ட சொல்லுதேன்னு. பெர்மனன்ட் ஆக்குத நேரம்க்கா."

"ஒம் பேரு எங்கயும் வராதுன்னு மொதல்லயே சொன்னேம்லா."

"சொன்னிய. ஆனா ஹாஸ்டல்ல எல்லாரும் ஒங்களப் பாத்துருக்காவ." சுகப்பிரியா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "இனும வரவும் வேண்டாம்க்கா."

முத்துச்செல்வி தலையாட்டினாள். ஷேர் ஆட்டோவில் படப்பைக்குத் திரும்பும் வழியெல்லாம் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

தகவல் அறிவியலில் முனைவர் பட்டம் முடித்தவள் அவள். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் ஒரு வருடப் போஸ்ட்டாக் ஃபெலோஷிப் உதவித்தொகை கிடைத்து வந்திருந்தாள். தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களுக்கு ஒரு செய்தி யார் மூலம் வந்து சேர்கிறது, எதை அவர்கள் நம்புகிறார்கள் என்பதுதான் ஆய்வு. நிறுவனத்தில் கணினிக்காரர்கள் அவளைச் சமூகவியல் ஆள் என்றார்கள், சமூகவியல்காரர்களுக்கோ அவள் கணினி ஆள். மதியச் சாப்பாட்டில் எந்த மேசையில் உட்கார்வதென்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆய்வுக்காகப் படப்பையில் மாடியறை எடுத்த பிறகு அந்தக் குழப்பமும் போயிற்று. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே சாப்பிட்டாள்.

விடுதிப் பெண்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். சுகப்பிரியா அப்படியில்லை. முத்துச்செல்வி வாயைத் திறந்ததுமே, "நீங்க கோயில்பட்டிப் பக்கமா? நா சங்கரன்கோயில்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு ஞாயிறுகள் அவளுடையவை. அறிக்கையின் முதுகெலும்பே அவள் பேச்சுத்தான். அந்த அறிக்கையை வைத்துத்தான் இரண்டாம் வருடமும் உதவித்தொகை தருவதா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

மறுநாள், ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் வானமாமலைக்குப் போன் செய்தாள்.

"பேர மாத்திட்டு வெச்சுக்கலாமேம்மா. அத எடுத்துட்டா அறிக்கைல என்ன மிஞ்சும்?"

"அவ வேண்டாம்னுட்டா சார்."

"யோசிச்சுச் செய்ங்க" என்று வைத்துவிட்டார்.

ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற ஒப்புதல் படிவத்தைச் சுகப்பிரியாவுக்கு வாசித்துக் காட்டியவளே முத்துச்செல்விதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அழிக்கும் முன் ஒருமுறை கேட்கவேண்டும் போலிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பதிவுகளை லேப்டாப்பில் ஓடவிட்டாள்.

"என்னக்கா, மொகம் வாடிக் கெடக்கு? சாப்ட்டியளா?"

"அத விடு. ஆம்புலன்ஸ் வந்தது ஒனக்கு யாரு சொன்னா?"

அது தன் குரல்தானா என்றிருந்தது. அடுத்ததைப் போட்டாள். "தனியா இருக்கியளே, பயமா இல்லயாக்கா?" அதற்கும் முத்துச்செல்வி பதில் சொல்லவில்லை, அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். எழுத்தில் பெயர்த்தபோது இதையெல்லாம் ஆய்வுக்குத் தேவையில்லை என்று விட்டிருந்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் அது இந்த ஒருத்திதான்.

எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்தாள். வேறெங்கெல்லாம் பிரதி இருந்ததோ அங்கெல்லாம் தேடி அழித்தாள். அழித்துவிட்டதாகப் பேராசிரியருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா பங்கஜம், இரண்டு கையிலும் டம்ளரோடு நின்றிருந்தாள்.

"இன்னா செல்வி, ஒரு பொண்ணு ரொம்ப நேரமா பேசிகினு இருந்துச்சே. அதுக்கும் சேத்து டீ போட்டுட்டேன். எங்க அது?"

"போயிட்டாக்கா."

"அடப்பாவமே, நான் பாக்கவே இல்லியே. வந்த பொண்ண வெறும் வாயோட அனுப்பிட்டியா?"

"நீங்க உக்காந்து குடிங்களேன்க்கா."

"ஐயோ, அடுப்புல கொழம்பு கீது" என்றபடி இரண்டையும் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் பங்கஜம் படியிறங்கிப் போனாள்.

முத்துச்செல்வி ஒன்றை எடுத்துக் குடித்தாள். கீழே ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த டம்ளரில் ஆவி அடங்கி, மெல்ல ஆடை படியத் தொடங்கியிருந்தது.