எஸ்னாத் போட்ட நிபந்தனை

நான்கு வயது யான்கோவின் ரத்தத்தை மலேரியா கரைத்துவிட்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்கமாட்டாள். ஆஸ்பத்திரியின் ரத்தப் பெட்டியோ காலி. தாயின் ரத்தம் சேரவில்லை. ‘ஓ’ பிரிவுதான் வேண்டும்.

நர்ஸ் எலுபி நேரே பின்கட்டுக் கொட்டகைக்கு நடந்தாள். நோயாளிகளுக்குச் சமைத்துப்போட வந்த சொந்தக்காரப் பெண்கள் அறுபது பேர் அங்கே அடுப்படியில் சீமா என்கிற மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அறுபது பேருக்கும் ஒரே சமயத்தில் காது கேட்காமல் போயிற்று.

காரணம் எலுபிக்குத் தெரியும். அந்த வருஷம் தெற்கு மலாவி முழுக்க அதே பேச்சு: ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் ஊருக்குள் திரிகிறார்களாம்.

கொட்டகைத் தலைவி எஸ்னாத் துடுப்பைக் களியில் குத்திவைத்தாள். கால் முறிந்த புருஷனோடு வந்து இரண்டு மாதமாகிறது. வாய்க்குப் பயந்தே எல்லாரும் அவளைத் தலைவியாக்கியிருந்தார்கள்.

“நீங்க ஊசி போட வந்தா கையை நீட்டுவோம் சிஸ்டர். உறிஞ்ச வந்தா?”

கொட்டகை சிரித்தது. எலுபிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பிப் போகவில்லை. ஆய்வகத்து வெப்ஸ்டரை நாற்காலியோடு மாமரத்தடிக்கு வரச் சொல்லி, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“என் ரத்தம் அந்தப் பிள்ளைக்குச் சேராது. ஆனா இதுல உறிஞ்சற வேலை ஒண்ணுமில்லன்னு உங்க கண்ணால பாருங்க.”

ரத்தப் பை நிறைந்தது. ஒருத்தியும் அசையவில்லை.

“எடுக்கறது தெரியுது சிஸ்டர். அப்புறம் அது எங்க போகுது?” என்றாள் எஸ்னாத்.

நியாயமான கேள்வி. இத்தனை வருஷத்தில் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை என்பது எலுபிக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீங்களே கூட வந்து பாருங்க.”

“அப்ப என்னுதை எடுங்க. ஆனா பை என் கண்ணைவிட்டு நகரக்கூடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

விரலில் குத்திப் பார்த்ததில் அவள் ‘ஓ’ பிரிவுதான். பை நிறைந்ததும் வெப்ஸ்டர் முன்னே போக, எஸ்னாத் பின்னே, அவளுக்குப் பின்னே இடுப்பில் சிட்டெஞ்சித் துணியை இறுக்கிக் கட்டிய பெண்கள் வரிசை. ஆய்வகத்தில் சோதனை முடியும்வரை அவள் ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்திருந்தாள். வார்டு வாசலில் காவலாளி குறுக்கே நின்றான்.

“பார்வை நேரம் முடிஞ்சாச்சு! பெரிய டாக்டர் என் சீட்டைக் கிழிச்சிடுவாரு.”

“என் பேரை எழுதிக்கப்பா. அவர் என்கிட்ட கேக்கட்டும்,” என்று எலுபி கதவைத் தள்ளினாள்.

பை மாட்டும் கம்பி உடைந்து கிடந்தது. எஸ்னாத் யாரையும் கேட்கவில்லை. ஊசி குத்தாத கையால் பையை உயர்த்திப் பிடித்தாள். சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம். முக்காலியில் உட்கார்ந்தாளே தவிர, தாய் கெஞ்சியும் பையைத் தரவில்லை. எலுபி நாடியைப் பிடித்தபடி கட்டிலை விட்டு நகரவில்லை. குழந்தை தவறிப்போனால் கொட்டகையில் இனி ஒரு கையும் நீளாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வெளியே வெயில் மங்கியபோது யான்கோவின் நகக்கண்ணில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. கண்ணைத் திறந்து, “அம்மா, பசிக்குது,” என்றாள். தாய் உடைந்து அழுதாள்.

எஸ்னாத் காலிப் பையைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினாள்.

“அடியே, என் ரத்தம் எங்கயும் போகலடி! இங்க உக்காந்து சோறு கேக்குது!”