கூப்பிடாத கல்யாணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரே மகள். கல்யாணத்துக்கு அவள் போட்டதும் ஒரே நிபந்தனை: கூட்டம் கூடாது. மொத்தம் பன்னிரண்டு பேர். படகில் போய் இறங்கும் ஒரு தீவு, அதில் ஒரு சின்ன விடுதி, விடுதிக்கு முன்னால் மணல், மணலுக்கு முன்னால் கடல். இதற்கு ‘டெஸ்டினேஷன் வெட்டிங்’ என்று பெயராம். சொந்தக்காரர்களிடமிருந்து தப்பி ஓடுவதற்கு இவ்வளவு கௌரவமான பெயர் இருப்பது கடைக்காரருக்கு அதுவரை தெரியாது.

மகள் ஒன்றும் பகட்டுக்காக இதைக் கேட்கவில்லை. எல்லாம் மாப்பிள்ளைக்காகத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் குழிக்குள் இருட்டில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பார், அசர மாட்டார். ஆனால் இருபது முகங்கள் சேர்ந்தாற்போல் தன்னைப் பார்த்தால் போதும், விக்கல் பிடித்துக்கொள்ளும். நிச்சயதார்த்தத்தன்று கடைக்காரரின் அண்ணன் மைக்கைப் பிடித்து வாழ்த்துரை வழங்க, அந்த உரைக்கு வரிக்கு வரி விக்கல் தாளம் போட்டது.

அண்ணனைக் குடும்பத்தில் ‘தலைவர்’ என்றுதான் சொல்வார்கள். குடியிருப்போர் சங்கம், காலை நடையாளர் சங்கம், ஓய்வு பெற்றோர் சங்கம் மூன்றுக்கும் அவர்தான் தலைவர். மூன்றிலும் போட்டியின்றித் தேர்வானவர். போட்டியிட்டால் பதிலுக்கு அவர் பேசுவாரே என்ற பயம் எல்லோருக்கும்.

“ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு வார்த்தை பேசித்தான் மோதிரம் மாத்திக்கப் போறோம்ப்பா. அவர் அந்த நாலு வார்த்தையை விக்காம சொல்லணும். எனக்கு வேற எதுவுமே வேண்டாம்” என்றாள் மகள்.

“அப்பா பாத்துக்கறேன். பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான்” என்றார் கடைக்காரர்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கூப்பிடவில்லை என்ற செய்தி மூன்றாம் மனிதர் வாயிலாகப் போனால் நன்றாக இருக்குமா? நேரில் போய்ச் சொல்வதுதானே முறை? புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“என்னங்க, கல்யாணத்துக்குக் கூப்பிடத்தான் வீடு வீடாப் போவாங்க. கூப்பிடலைன்னு சொல்லவுமா போவாங்க?” என்றாள் மனைவி.

“மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தார். ‘அவ்வளவு சின்ன இடம்’ என்று புரியவைக்கக் கைப்பேசியில் விடுதியின் படத்தைக் காட்டினார். படகு எங்கே கிளம்பும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்றெல்லாம் விவரித்தார். தண்ணீரின் நிறத்தை வர்ணிக்கும்போது அவருக்கே புல்லரித்தது. தேதியையும் சொன்னார், அன்றைக்கு வேறு வேலை எதையாவது வைத்துக்கொண்டால் மனசு வலிக்காதாம். கடைசியில் கண்கலங்கி, “உங்களைக் கூப்பிட முடியலையே!” என்று எழுந்தார். வருத்தப்பட வேண்டியவர்கள் அவரைத் தேற்றி அனுப்பினார்கள்.

தலைவர் மட்டும் விறைத்துக்கொண்டார். “நான் பேசாத கல்யாணம் சட்டப்படி செல்லுமாடா?”

“செல்லும்ணே. விசாரிச்சுட்டேன்.”

அடுத்த வாரம் கடையில் கறுப்புக் கண்ணாடி வியாபாரம் சக்கைப்போடு போட்டது. வானம் மூடிக்கிடந்த நாளில் அக்கா வந்து, “வெயில் தாங்கலைடா” என்று ஆமை ஓட்டு நிறத்தில் ஒன்று வாங்கிப்போனாள். சித்தப்பா குடும்பம் மொத்தமாக வந்து நீலத்தில் எடுத்தது. தலைவர் இருப்பதிலேயே பெரியதைக் கேட்டார். அவருக்கு இடது காது கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அதனால் கண்ணாடியின் இடது கையைச் சூடாக்கி, தூக்கி வளைத்துப் பொருத்தினார் கடைக்காரர்.

“அடையாளம் தெரியுதா?”

“உங்களுக்கே தெரியாதுண்ணே.”

தலைவர் பரம திருப்தியோடு போனார். கடைக்காரர் தன் கடையின் ராசியை எண்ணிப் பூரித்தார்.

கல்யாண நாள் காலையில் மணலில் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டாயிற்று. மாப்பிள்ளை உள்ளே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிக் கரையில் சுற்றுலாக் கூட்டம். எல்லோருக்கும் தொப்பி, எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகத்தை மறப்பாரே தவிர, தன் கையால் பொருத்திய ஃப்ரேமைக் கடைக்காரர் மறக்க மாட்டார். முதலில் ஆமை ஓட்டு நிறம் கண்ணில் பட்டது. பக்கத்திலேயே சித்தப்பா வீட்டு நீலம். நடுநாயகமாக, இடது கை தூக்கி வளைத்த பெரிய கறுப்பு! கடைக்காரர் அவர்களை நோக்கி ஓடினார்.

“அண்ணே!”

“யாருங்க நீங்க? நான் சுற்றுலாப் பயணி.”

“விளையாடாதீங்கண்ணே. எத்தனை பேர் வந்திருக்கீங்க?”

“அறுபது இருக்கும்டா” என்றாள் அக்கா, ஐஸ்கிரீமை நக்கியபடி. “நீதான் அவ்வளவு அழகா வழி சொன்னியே!”

“அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எல்லாரும் கடல் பக்கம் திரும்பி உக்காருங்க. மாப்பிள்ளை உங்க மூஞ்சியைப் பாத்தா தொலைஞ்சோம். என் பொண்ணு கேட்டது அது ஒண்ணுதான்.”

“இவ்வளவு தூரம் வந்து முதுகைக் காட்டவா?”

“காதால கேளுங்க.”

“என் உரை?” தலைவர் சட்டைப்பையிலிருந்து காகிதக் கற்றையை உருவினார்.

“மூச்!” என்றாள் அக்கா. தலைவரின் பொதுவாழ்வில் அந்தச் சொல்லை அவர் கேட்டது அதுவே முதல் தடவை. காகிதம் உள்ளே போனது. அறுபது பேரும் முணுமுணுத்துக்கொண்டே கடலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

மாப்பிள்ளை வந்து நின்றார். எதிரே பழகிய பன்னிரண்டு முகங்கள், அப்பால் வெறும் முதுகுகள். தொண்டையைத் தடவிக்கொண்டார்.

“லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்க என்னைத் திட்டுவாங்க. நீ மட்டும்தான் உள்ளேர்ந்து, ‘அண்ணா, அவசரமே இல்ல, சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டே. அந்த ‘அண்ணா’வை அன்னைக்கே மன்னிச்சுட்டேன். இனிமே தினமும் நீ கேளு, நானும் கேக்கறேன்.”

ஒரு விக்கல் இல்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் நாலு வார்த்தையைச் சொன்னாள். மோதிரம் மாறியது. கரையோரம் அறுபது முதுகுகள் குலுங்கின. மூக்குறிஞ்சும் சத்தம் அலையை மீறிக் கேட்டது.

“சுற்றுலா வந்தவங்க ஏன் மாமா அழறாங்க?”

“உப்புக்காத்து, மாப்பிள்ளை. கண்ணுக்கு ஆகாது.”

அப்போதுதான் கேட்டது, ஒரு கம்பீரமான ‘ஹிக்’. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் வாய் மூடியிருந்தது. மறுபடியும் ‘ஹிக்.’ முழு உரையையும் விழுங்கிய தொண்டை ஒன்று கடலைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தது.

“பெரியப்பா!” என்று மகள் கத்தினாள். அறுபது முகங்களும் ஒன்றாய்த் திரும்பின. கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திறந்தபோது மாப்பிள்ளை தண்ணீர்க் குவளையோடு கூட்டத்துக்குள் நுழைந்திருந்தார். “மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஏழு மடக்கு குடிங்க பெரியப்பா. நடுவுல பேசக்கூடாது. இதுல எனக்கு நல்ல அனுபவம்.” அறுபது பேர் பார்க்கிறார்கள் என்பதே அவர் நினைவில் இல்லை.

“யாரோ உங்களை நினைக்கறாங்கண்ணே” என்றாள் அக்கா.

“எல்லாரும் இங்கேயே உக்காந்திருக்கீங்க... ஹிக்... இனி நினைக்க யாரு மிச்சம்?”

மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அப்பாவின் முன் வந்து நின்றாள். “பன்னிரண்டு பேர்னு சொன்னீங்களே?”

“கல்யாணத்தைப் பாத்தது பன்னிரண்டு பேர்தாம்மா” என்றார் கடைக்காரர். “மத்தவங்க கடலைப் பாத்தாங்க.”

முறைக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது.