நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் என் மேசை இருந்தது. ஆய்வேட்டை முடித்த மாணவர்கள் அதை முதலில் என்னிடம்தான் கொண்டுவர வேண்டும். உள்ளே என்ன ஆராய்ந்து கிழித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். எந்த வரியை எங்கிருந்து எடுத்தார்கள், அதை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்களா, அது மட்டும்தான் என் வேலை. பதினாறு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதைச் செய்தேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "மேடம், எந்த முறை ஈஸி?" கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈஸியாக ஏதாவது வேண்டுமென்றால் ஆய்வுக்கு ஏன் வந்தாய்? நான் இப்படித் திருப்பிக் கேட்கப்போய் ஒருநாள் நூலகரிடம் புகார் போய்விட்டது. அவர் சொன்னபடி ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டினேன்.

அட்டவணையில் மூன்று முறைகள் இருந்தன. எண் முறையில் வரியின் ஓரத்தில் ஓர் எண் இருக்கும், கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு நேராக நூலின் விவரம் இருக்கும். பரிசோதனைக்கூடத்துக்காரர்களுக்கு அது போதும். ஆசிரியர்-ஆண்டு முறையில் எழுதியவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் அங்கேயே போட்டுவிடலாம். யார், எப்போது சொன்னார் என்பது உடனே தெரியும். மூன்றாவது அடிக்குறிப்பு முறை. ஆதாரம் முழுவதும் அதே பக்கத்தின் அடியில் வரும். பழைய கடிதங்கள், அரசாங்கக் கோப்புகள் என்று பெயரும் ஆண்டும் சரியாக இல்லாத சரக்கை வைத்து எழுதுகிறவர்களுக்கு அதுதான் தோது. அட்டவணையின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "யாருடையது என்று சொல்லாமல் எதையும் எடுக்காதே."

என் நாத்தனாரும் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். என் கணவருக்கு ஒரே தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் அந்த வருஷத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் குழாய் கேட்டு ஜனங்கள் தண்ணீர் வாரியத்துக்கு எழுதிய மனுக்கள்தான் அவளுடைய ஆய்வு. ஏழு வருஷம் ஆவணக் காப்பகத்துத் தூசியைத் தின்றாள். வீட்டில் நான் அவளை "மனுக்காரி" என்றுதான் கூப்பிடுவேன்.

அவளும் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணி, ஆசிரியர்-ஆண்டு முறையே வச்சுக்கறேனே. என்கூடப் படிக்கிறவங்க எல்லாம் அதுலதான் எழுதறாங்க."

"உன் மனுவுல பாதிக்குப் பேரே கிடையாது. 'தெரு ஜனங்கள்'னு கையெழுத்து. தேதி இருக்கா? அதுவும் இல்ல. அடைப்புக்குள்ள என்னத்தைப் போடுவ? உன் தலையைப் போடுவியா?"

"அடிக்குறிப்பு ஆயிரம் வரும் அண்ணி. கை ஒடிஞ்சிடும்."

"ஒரே மனுவைத் திரும்பத் திரும்பச் சொல்றப்ப முழுசா எழுத வேண்டாம். 'மேலது'ன்னு போட்டா போதும். மேல இருக்கிற குறிப்புல சொன்ன அதே ஆதாரம்னு அர்த்தம். பக்கமும் சுத்தமா இருக்கும்."

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பேசினால் சாப்பாடு இறங்காது என்பது அவருக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. வீட்டில் பொதுவாக அப்படித்தான் நடக்கும்.

சொந்தக்காரர்களின் ஏட்டைச் சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. அதனால் பக்கத்து மேசைக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு விதியும் உண்டு. சரிபார்ப்பவர் பென்சிலால் ஓரத்தில் குறிக்கலாம், மாணவர் எழுதியதில் கைவைக்கக் கூடாது. இந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ஏட்டைக் கொடுக்கவேண்டிய கடைசி நாள். நான்கு மணிக்குள் ஆறு பிரதி பைண்டிங் ஆகி உள்ளே போக வேண்டும். நாத்தனாருக்கு ஐந்து மணிவரை வகுப்பு. காலையில் ஃபைலை எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டுப் போனில் சொன்னாள்.

"அச்செடுத்து பைண்டிங்குக்குக் குடுத்துடுங்க அண்ணி. வேற எதுவும் வேண்டாம். எல்லாம் முடிஞ்சிடுச்சு."

வேறு எதுவும் வேண்டாம் என்று என்னிடம் சொன்னால் எப்படி? அச்செடுப்பதற்கு முன் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். ஆறாம் இயலில் ஒரு வரி கண்ணை உறுத்தியது. 'அவ்வாண்டில் நாலாயிரம் வீடுகளுக்கே குழாய் இருந்தது.' ஆதாரம் இல்லை! அந்தத் தொகை வாரியத்தின் ஆண்டறிக்கையில் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டாம் இயலில் அவளே அதைச் சொல்லியிருந்தாள். பென்சிலால் குறித்து, அவளைக் கூப்பிட்டுக் கேட்டு, அவள் திருத்தி அனுப்ப நேரமில்லை. நானே ஒரு அடிக்குறிப்பைச் சேர்த்தேன். நாற்பத்தொன்றாவது. அதற்குப் பின்னால் இருந்த எண்களைக் கம்ப்யூட்டரே மாற்றிக்கொண்டது. மூன்றரைக்கு ஏடு உள்ளே போய்விட்டது. மாலையில் அவளிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, என் கணவர்தான் அதை உரக்கப் படித்தார். ஆறாம் இயலில் 42, 43, 44ஆம் குறிப்புகள் சுட்டுகிற மூன்று மேற்கோள்கள் வாரியத்தின் ஆண்டறிக்கையில் எங்குமே இல்லை என்று தேர்வாளர் எழுதியிருந்தார். "குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை" என்று வாரியமே தன் அறிக்கையில் எழுதிக்கொள்ளுமா என்றும் கேட்டிருந்தார். மேற்கோள்கள் புனையப்பட்டவை என்று கருத இடமுண்டு. விசாரணையில் அது உறுதியானால் ஆய்வுப் பதிவு ரத்தாகும்.

என் நாத்தனார் கடிதத்தை வாங்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனாள். என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. நாற்பதாம் குறிப்பு, மூன்றாம் தெருவில் தையல் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மனு. அடுத்தடுத்து மூன்று குறிப்புகள் 'மேலது.' மூன்றும் அந்தத் தையல்காரியின் வார்த்தைகள். நடுவில் நான் ஆண்டறிக்கையைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டேன். 'மேலது' எல்லாம் ஆண்டறிக்கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டன. அடிக்குறிப்பு முறையில் இருக்கிற ஒரே பெரிய ஆபத்து இது. முதல் வருஷ மாணவனுக்குக்கூட நான் இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறேன்.

சொல்லியிருக்க வேண்டும். கடிதம் வந்த அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். விதியை மீறி ஃபைலில் கைவைத்தது வெளியே தெரிந்தால் என் மேசை போய்விடும் என்று பயந்தேன். எப்படியாவது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் எப்போதும்போல எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

விசாரணை ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு. அடிக்குறிப்பு முறையை விளக்க நூலகத்திலிருந்து ஒருவரை அனுப்பும்படி குழு கேட்டிருந்தது. அட்டவணை என்னுடையது என்பதால் நூலகர் என்னையே அனுப்பினார். எங்கள் உறவு அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. நீள மேசை, அதன் பின்னால் குழுவின் நால்வர், ஓயாமல் கரகரத்த ஒரு ஏசி. தலைவர் வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பேசுவார். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். என் நாத்தனார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மேற்கோள் எல்லாம் எங்கேருந்தும்மா வந்துச்சு?" என்றார் தலைவர்.

"ஒரு மனுவுலேருந்துங்க. நாற்பதாவது குறிப்புல இருக்கு. கடைசி நாள்ல நடுவுல ஒரு குறிப்பு சேர்த்தேன். கீழ இருக்கிற 'மேலது'வை மாத்த மறந்துட்டேன். என் கவனக்குறைவுதாங்க."

அந்தக் குறிப்பை அவள் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்றால், யார் சேர்த்தது என்று அவளுக்குத் தெரியும்.

"சேர்க்கறதுக்கு முன்னாடி இருந்த பிரதி இருக்கா?"

"இல்லைங்க."

இருந்தது. கடைசி நாள் காலையில் எனக்கு அனுப்பிய மெயிலில் இருந்தது, அவளுடைய மெயில் பெட்டியிலும் இருக்கும். அதைக் காட்டினால் அவள் வகுப்பில் இருந்த நேரத்தில் யார் கை அந்த ஃபைலில் விளையாடியது என்ற கேள்வி வரும். அதனால்தான் இல்லை என்றாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த மனு நிஜமாவே இருக்கலாம்மா. ஆனா வாரியமே ஒத்துக்கிச்சுன்னு காட்டணும்னு நீங்களே வேணும்னு இப்படிப் போட்டிருக்கலாம் இல்லியா? முதல்ல சரியாத்தான் இருந்துச்சுங்கறதுக்கு ஒரு ஆதாரம் காட்டணும். ஆதாரம் இல்லாம நாங்க எப்படி நம்பறது?"

நான் எழுந்துவிட்டேன். யோசித்தெல்லாம் எழவில்லை.

"அந்தக் குறிப்பைச் சேர்த்தது நான்."

"நீங்க நூலகத்துலேருந்துதானே வந்திருக்கீங்க?"

"ஆமாங்க. இவளோட அண்ணியும் நான்தான்."

"அண்ணி, உக்காருங்க," என்றாள் அவள், திரும்பாமலேயே.

"நீ சும்மா இருடி."

அந்த அறையிலிருந்த கம்ப்யூட்டரிலேயே என் அலுவலக மெயிலைத் திறந்தேன். காலை ஒன்பது பத்துக்கு வந்த ஃபைலில் நாற்பதுக்குப் பின் மூன்று 'மேலது', மூன்றும் தையல்காரியைத்தான் காட்டின. பிறகு நான் அச்செடுத்த ஃபைலைத் திறந்தேன். யார், எப்போது திருத்தினார் என்ற பதிவில் பன்னிரண்டு நாற்பது என்று நேரமும் என் பெயரும் இருந்தன. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பதினாறு வருஷமா இந்த வேலை பாக்கறீங்க," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புனைவு என்ற குற்றச்சாட்டை அன்றே நீக்கிவிட்டார்கள். பதினைந்து நாளில் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. என்னைத் தரைத்தளத்தில் இதழ்கள் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். தபாலில் வரும் பார்சல்களைப் பிரித்து, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்குகிற வேலை. அங்கே யாரும் என்னிடம் எது ஈஸி என்று கேட்பதில்லை.

விசாரணை முடிந்த அன்று பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றேன்.

"கடிதம் வந்த அன்னைக்கே. ஒரு ஆண்டறிக்கைக்கு வெளியிட்ட ஆபீஸோட முழுப் பேரு, கட்டடத்தோட பேரு, மாடி நம்பர் வரைக்கும் போடறது இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அண்ணி."

"அப்பவே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் காபி குடுக்கறப்ப, இன்னைக்குச் சொல்லிடுவாங்கன்னு நெனப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பட்டம் போயிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"கவனக்குறைவுன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். இப்படி ஆதாரம் கேப்பாங்கன்னு நெனக்கல." பயணச் சீட்டை மடித்துக்கொண்டே, "உங்க அட்டவணையைப் பாத்திருப்பாங்க போல," என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேருந்தில் எதையும் செய்யவில்லை.

திருத்திய ஏடு வந்த அன்று பக்கத்து மேசைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். இப்போது என் நாற்காலியில் அவர்தான் உட்காருகிறார். ஆறாம் இயலைத் திறந்து என் முன் வைத்தார். 'மேலது' ஒன்றுகூட இல்லை. தையல்காரியின் மனு, கட்டு எண், தாள் எண் எல்லாம் மூன்று இடத்திலும் முழுதாக இருந்தன. நாற்பத்தொன்றாம் குறிப்பை அவள் எடுக்கவில்லை. ஆண்டறிக்கையின் விவரத்துக்குக் கீழே கூடுதலாக இரண்டு வரி இருந்தது: 'இந்தத் தொகைக்கு ஆதாரம் தரப்படாததைக் கண்டு இக்குறிப்பைச் சேர்த்தவர் என் அண்ணி. அவர் சேர்த்தது சரியே.'

"இது எந்த முறையிலயும் வராதே மேடம்," என்றார் அவர். "நான் மூணையும் பாத்துட்டேன். எடுத்துடச் சொல்லி ஓரத்துல குறிச்சுடட்டுமா?"

கையில் பார்சல் வெட்டுகிற கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் அவர் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்தேன். அவர் சொன்னது நியாயம். பழைய நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பேன்.

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றேன். "அவ எழுதினதுல நான் இனிமே கைவைக்க மாட்டேன்."