ஆடாத தூண்டில்

எனக்கு மீன் பிடிக்கும் ஆசையே கிடையாது. ஆசைப்பட்டவன் என் மச்சான். அவன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, அதற்குத் தலையாட்டினாள். நான் மாட்டிக்கொண்டேன்.

"வாரத்துல ஒரு நாளாவது அந்த நாற்காலியை விட்டுட்டு ஏரிப் பக்கம் போங்க" என்றாள். அந்த நாற்காலிதான் என் சலூன். ஒரே நாற்காலி, ஒரே கத்தி. அதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் சோறு. அக்காவும் தம்பியும் ஒன்று சேர்ந்து பேசினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கடையை மூடவைக்கத்தான் இந்த மீன் நாடகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சானின் தாடையில் பிளாஸ்திரி இருந்தது. போன வாரம் நான் சவரம் செய்தபோது பட்ட காயம். வாய் ஓயாமல் பேசினால் படத்தான் செய்யும், அவனிடமும் அப்படித்தான் சொன்னேன். அதற்கு முந்தின வாரம் தபால்காரருக்குக் காதோரம் பட்டது. அவர் தும்மினார். தும்மினார் என்றுதான் நினைக்கிறேன்.

தூண்டில் கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. ரப்பர் வாடை, வார்னிஷ் வாடை. சுவரெல்லாம் குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு விலைச்சீட்டு தொங்கியது. கடைக்கார அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தாள்.

"இவர் புதுசுங்க. ஈத் தூண்டில் வேணும். வாங்குறதுக்குள்ள உங்ககிட்ட நூறு குத்தம் கண்டுபிடிப்பார், மனசுல வச்சுக்காதீங்க" என்றான் மச்சான்.

கொக்கியில் இறகு சுற்றி ஈ மாதிரி செய்திருந்ததை அவள் என் உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை. "இதைத் தூக்கி எறிய முடியாது சார். நூலுக்குத்தான் கனம். குச்சி வளைஞ்சு நிமிரும்போது நூல் பறக்கும், ஈ அது பின்னாடியே போகும். புதுசா வர்றவங்களுக்கு ஒன்பது அடிக் குச்சி, அஞ்சாம் நம்பர் கனம் போதும். ரொம்ப விறைப்பா இருந்தா எப்ப வீசணும்னு கைக்குத் தெரியாது. ரொம்பத் தொளதொளன்னு இருந்தா நூல் உங்க காலடியிலேயே விழும்."

"நல்ல குச்சின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நீ சொல்றதை நம்பியா?" என்று கேட்டேன்.

"என்னை நம்ப வேணாம். ஒரு உலுக்கு உலுக்கிட்டு சட்டுனு நிறுத்துங்க. நுனி ஒண்ணு ரெண்டு ஆட்டம் ஆடிட்டு நின்னுடணும். நிக்காம ஆடுச்சுன்னா வாங்காதீங்க."

இந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. உலுக்கினேன். நிறுத்தினேன். நுனி நிற்கவில்லை. பொடிப்பொடியாக ஆடிக்கொண்டே இருந்தது.

"இது நல்ல சரக்கில்லை. வேற எடு."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"எல்லாம் டூப்பு" என்றேன்.

"கடையவே டூப்புங்கிறாரே மனுஷன்!" என்று மச்சான் சிரித்தான். "அத்தான், பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் உலுக்கிப் பார்த்தீங்களா?"

"பார்த்திருந்தா உன் குடும்பத்துல வந்து விழுந்திருப்பேனாடா?" என்றேன். கடைக்கார அம்மாவிடம் திரும்பினேன். "ஃபேனை நிறுத்தும்மா. காத்துல ஆடுது."

அவள் நிறுத்தினாள். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. சுவரில் படபடத்த விலைச்சீட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. கடையில் எதுவும் அசையவில்லை. என் குச்சியின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"குடுங்க சார்" என்று அவள் வாங்கினாள். உலுக்கினாள், நிறுத்தினாள். இரண்டு ஆட்டம். பிறகு சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது.

கையைப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது அடி தள்ளி, நூல்போல் மெல்லிய நுனியில்தான் அது தெரிகிறது. என் கத்தி ஒரு சாண்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டத்தோடு எத்தனை தொண்டையில் அதை இழுத்திருக்கிறேன்?

மச்சான் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். அவன் விரல் தானாகப் போய்த் தாடைப் பிளாஸ்திரியைத் தொட்டது.

"அந்தத் தடிக் குச்சியை எடும்மா" என்றேன் அவசரமாக.

"அது கடல்ல பெரிய மீனுக்கு வீசுறது சார். பத்தாம் நம்பர். உங்களுக்குக் கை கழண்டுடும்."

வாங்கிப் பிடித்தேன். விறைப்பான குச்சி. ஆட்டம் அவ்வளவாகத் தெரியவில்லை. "இதைக் கட்டு. இதுதான் நல்ல சரக்கு."

"அத்தான், அவங்க சொல்றதைக் கேளுங்க."

"உனக்கு என்னடா தெரியும்?"

அவன் என் காதருகே வந்தான். "தபால்காரர் தும்மவே இல்லையாம்."

"அப்போ தெரிஞ்சுதான் இங்க கூட்டிட்டு வந்தியா? அக்காவும் தம்பியும் பேசி வச்சு?"

"மீன் பிடிக்கத்தான் கூட்டிட்டு வந்தேன், சத்தியமா. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தக் குச்சி இப்படிக் காட்டிக் குடுக்கும்னு நான் கண்டேனா?" என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாளைக்கும் உங்ககிட்டதான் அத்தான் கழுத்தைக் காட்டணும். வேற கடைக்குப் போனா நீங்க உயிரை எடுத்துடுவீங்க. வந்தா…"



தடிக் குச்சியைத் திருப்பிக் கொடுத்தேன். "அஞ்சாம் நம்பரையே கட்டும்மா" என்றேன். அது நல்ல குச்சி என்பது அவள் கையிலேயே தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலையில் சலூன் ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துவிட்டுக் குச்சியின் துண்டுகளைச் சேர்த்துப் பூட்டிப் பிடித்தேன். நேற்று களைப்பாக இருந்திருக்கலாம், பசியாக இருந்திருக்கலாம், அந்தக் கடைக்காரி ஏதாவது செய்திருக்கலாம் என்று மறுபடி சோதித்துப் பார்த்தேன். நுனி எதிர்க் கண்ணாடியில் முட்டி டக்டக்கென்று தட்டியது. மூச்சைப் பிடித்தேன். அப்போதும் தட்டியது.

குச்சியை மூலையில் சாய்க்கவும் தபால்காரர் குனிந்து உள்ளே வரவும் சரியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். துணியைக் கழுத்தில் கட்டினேன். நுரை பூசினேன். அவர் மோவாயைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டைக் குமிழ் ஒருமுறை ஏறி இறங்கியது. அவரும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பயந்துகொண்டும் வந்திருக்கிறார்.

கத்தியைத் திறந்தேன். மூடினேன்.

"சவரம் இல்லைங்க."

"ஏன், கத்தி மழுங்கிடுச்சா?"

"கை" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "முடியாவது வெட்டுவீங்களா?"

கத்தரிக்கோல் மேஜைமேல் வாயைப் பிளந்து கிடந்தது. வெளியே மச்சான் ஹாரன் அடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"டாக்டரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

ஈரத்துண்டால் அவர் முகத்து நுரையைத் துடைத்தேன். கழுத்துத் துணியை அவிழ்க்கப் போனேன். முடிச்சு பிடி கொடுக்கவில்லை. மறுபடியும் முயன்றேன். தபால்காரர் தன் கையைப் பின்னால் கொண்டுபோய் அவரே அவிழ்த்துக்கொண்டார்.