யாரும் படிக்காத சாவுச் செய்தி

அன்று அந்தக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அனந்தகிருஷ்ணனாகிய நான், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று கல்கத்தா லேக் கார்டன்ஸில் வசிப்பவன். என் மகன் வாஞ்சிநாதன், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணிதப் பிரிவில் வேலை பார்ப்பவன். டாலிகஞ்சிலிருந்து வந்த என் சம்பந்தி பரமசிவம். அவர் பிள்ளைக்குத்தான் என் பெண் ஜலஜாவைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் வாத்தியாரான கோபு சாஸ்திரிகள். நிலையத்தின் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ளும் மலய் பாக்சி. ஆறாவது ஆள் கிடையாது. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

விஷயம் இதுதான். ஜலஜாவின் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, அமெரிக்காவில் மகனோடு இருந்த என் பெரியப்பா பிள்ளை சுந்தரம் அண்ணா காலமாகிவிட்டார். அவர் எனக்குப் பங்காளி. அது தெரிந்திருந்தால் எங்களுக்குத் தீட்டு. கன்னிகாதானம் செய்ய எனக்கு அருகதை இல்லை. முகூர்த்தத்தைத் தள்ளித்தான் வைத்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாது. கல்யாணம் நடந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சம்பந்தி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"உங்க அண்ணா போயிட்டாராமே? கல்யாணத்துக்கு முன்னாடியே?"

அவர் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரதம் காட்டியவர் சுந்தரம் அண்ணா. அவருக்காகக் கண் கலங்கக்கூட அப்போது எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. சம்பந்தி பேசிக்கொண்டே போனார்.

"என் அக்கா பிள்ளை அங்கே இருக்கானே, அவன் சொன்னான். கம்ப்யூட்டர்ல நம்மவாளுக்குன்னு ஒரு நோட்டீஸ் போர்டு இருக்காம். அதுல உங்க அண்ணா பிள்ளை போட்டிருக்கான். 'கல்கத்தா வாஞ்சிநாதனுக்கு, அப்பா காலமாயிட்டார், டெலிபோன் கிடைக்கலை, சித்தப்பாகிட்ட சொல்லிடு'ன்னு. பேர் போட்டு எழுதியிருக்கான். உலகமே படிச்சிருக்கு. உங்க பிள்ளை மட்டும் படிக்கலையாக்கும்?"

டெலிபோன் கிடைக்காதது உண்மை. எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து அது செத்துத்தான் கிடந்தது. தந்தி கொடுக்க அந்தப் பிள்ளைக்கு ஏன் தோன்றவில்லை என்றால், வாஞ்சி அந்தப் பலகையைத் தினமும் பார்ப்பவன் என்று அவனுக்குத் தெரியும். பலகையில் எழுதினால் சொன்னதாகிவிட்டது என்று நினைத்துவிட்டான்.

நான் தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு, வாஞ்சியை உடனே ஆபீசுக்கு அனுப்பினேன். போனவன் மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வந்திருக்குப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கு."

"நீ படிச்சியா?"

"இல்லை. ஆனா நான் படிச்சுட்டதா காட்றது."

"அதென்னடா, படிக்கலை, ஆனா படிச்சுட்டே?"

"அதான்பா எனக்கும் புரியலை."

அவன் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். செய்திகளைக் காட்டுவதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இருக்கிறது. ஒவ்வொருவரும் எது எதைப் படித்தார் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். படித்ததை மறுபடி காட்டாது. படிக்காததை மட்டும்தான் எடுத்து நீட்டும். கல்யாண வேலைக்கு நடுவே வாஞ்சி ஓரிரு தடவை திறந்து பார்த்திருக்கிறான். 'படிக்காத செய்தி ஏதும் இல்லை' என்று அது சொல்லியிருக்கிறது. சரி, செய்திகளைப் பம்பாய் வழியாகக் கொண்டுவரும் லைன் கெட்டிருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டான். இன்று பழையது எல்லாவற்றையும் காட்டு என்று கேட்டபோது, சாவுச் செய்தி இருந்தது. வாஞ்சிநாதன் படித்தாயிற்று என்ற அடையாளத்தோடு.

என் மனைவி அலமு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "குழந்தைதான் படிக்கலைங்கறானே. நீங்க நம்ப மாட்டேளா?"

"நான் நம்பி என்ன பிரயோஜனம்? சம்பந்தி நம்பணும்."

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கும் நிலைகொள்ளவில்லை. ஜலஜாவுக்கு முன்னால் இரண்டு இடம் கூடி வந்து கலைந்தது. இந்த இடத்தை அலைந்து திரிந்து முடித்தவன் வாஞ்சி. தங்கைக்காக ஒரு செய்தியை நாலு நாள் விழுங்கக்கூடியவனா அவன்? ஆம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்கள் இந்த ஊரில் இருக்கிறோம். சாவை மறைத்துச் சுபம் நடத்திய வீடு என்று எங்களை யாரும் சொன்னதில்லை. சம்பந்தியோ, இது தெளிகிற வரை ஜலஜாவை டாலிகஞ்சுக்கு அழைத்துப்போக நாள் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாலி கட்டிய பெண், அடுக்கி வைத்த பெட்டியோடு என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே, மறுநாள் எல்லோரும் நேரில் பார்த்துவிடுவது என்று நான்தான் ஏற்பாடு செய்தேன்.

குளிரூட்டிய அறை. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள், அதுவரை நல்லது. நானும் வாஞ்சியும் தீட்டுக்காரர்கள், எங்களைத் தொடக்கூடாது. அறையோ ஒரு சமையலறை அகலம்தான். சாஸ்திரிகள் ஓர் இரும்பு அலமாரியோடு அலமாரியாக ஒட்டிக்கொண்டு நின்றார். சம்பந்தி அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மலய் பாக்சிக்கு இதெல்லாம் தெரியாது. "வாருங்கள் மேஷோமொஷாய்" என்று வங்காளியில் மாமா முறை சொல்லி வரவேற்று, என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். சாஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டார்.

வாஞ்சி திரையைத் திறந்தான். பச்சை எழுத்து. 'படிக்காத செய்தி ஏதும் இல்லை' என்றது.

பாக்சி தாடியைச் சொறிந்துகொண்டார். "வேறு யாராவது உன் பெயரில் நுழைந்திருப்பார்களோ?"

"என் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது" என்றான் வாஞ்சி.

"அப்படியானால் நீயே மொத்தத்தையும் கழித்திருப்பாய். அதற்கு ஒரு பொத்தான் உண்டே. செய்தி மலையாகக் குவிந்துவிட்டால் அதை ஒரு தட்டுத் தட்டினால் போதும், எல்லாம் படித்ததாக ஆகிவிடும்."

சம்பந்தி நிமிர்ந்தார். "பார்த்தேளா! படிக்காமலே படிச்சதா ஆக்க ஒரு பொத்தான். அப்போ படிச்சுட்டு, படிக்கலைங்கறதுக்கும் ஒண்ணு இருக்குமே?"

"இருக்கிறது" என்றார் பாக்சி, உற்சாகமாக.

"கேட்டேளா சம்பந்தி?"

"கேட்டேன். என் பிள்ளை எதையும் தட்டலை."

"நீங்க பக்கத்துல உக்காந்து பார்த்தேளா?"

வாஞ்சி என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

பாக்சி தன் பெயரில் நுழைந்து பார்த்தார். அவருக்கும் 'படிக்காத செய்தி ஏதும் இல்லை' என்றே வந்தது. பழையதைக் காட்டச் சொன்னால் செய்தி குவிந்து கிடந்தது. "கீ முஷ்கில்! என்ன சங்கடம் இது!" என்றார். "நானும் லைன் கெட்டிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை செய்தி வந்திருக்கிறதே! நான் எப்போது படித்தேன்?"

இப்போது அவரும் எங்களோடு சேர்ந்து குழம்பியதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் சம்பந்தி அசையவில்லை. "ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்" என்றார்.

பாக்சி யோசித்துவிட்டு, ஒரு சோதனை செய்யலாம் என்றார். நிலையத்துக்குள் மட்டும் ஓடுகிற ஒரு பலகை இருக்கிறது. அதில் புதிதாக ஒரு செய்தி எழுதிப் பார்ப்போம், வாஞ்சிக்கு அது எப்படிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

"நான் எழுதறேன்" என்றார் சம்பந்தி. "நீங்க எழுதினா நான் ஒத்துக்க மாட்டேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கோ."

நாங்கள் நால்வரும் சுவரைப் பார்த்து நின்றோம். அறுபத்தைந்து வயதில், என் சம்பந்தி உத்தரவில், பள்ளிக்கூடத்துத் தண்டனை போல. பின்னால் ஒற்றை விரலால் தட்டும் சத்தம். ஒரு தட்டு, நீண்ட மௌனம், மறுபடி ஒரு தட்டு.

"ஓய், எழுத்தைத் தேடறீரா, எள்ளுப் பொறுக்கறீரா?" என்றார் சாஸ்திரிகள்.

"பேசாம நில்லும்."

முடித்துவிட்டுக் கூப்பிட்டார். நான் நாற்காலிக்குத் திரும்பினேன். திரையில் ஒன்றும் இல்லை. செய்தி பலகைக்குப் போய்விட்டது. வாஞ்சி மறுபடி தன் பெயரில் நுழைந்து படிக்கும் புரோகிராமைத் திறந்தான்.

'படிக்காத செய்தி ஏதும் இல்லை.'

"நான் எழுதினது எங்கே?" என்றார் சம்பந்தி.

எல்லாவற்றையும் காட்டு என்று வாஞ்சி கேட்டான். வரிசையின் கடைசியில் அது வந்து நின்றது. படித்தாயிற்று என்ற அடையாளத்தோடு.

"இப்பத்தானே எழுதினேன்? இவன் சுவரைன்னா பார்த்துண்டு நின்னான்! எப்போ படிச்சான்?"

வாஞ்சி அந்தச் செய்தியைத் திறந்தான். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், வாஞ்சிநாதன் பொய் சொல்கிறான் என்று எழுதியிருந்தது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "சோதனைக்குத்தானே. ஏதோ ஒண்ணு எழுதணுமேன்னு எழுதினேன்."

என் மகனின் பெயரை, அவன் வேலை பார்க்கும் இடத்தில், பாக்சி கண்ணெதிரில். நான் எழுந்துவிட்டேன். பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெண் நினைவுக்கு வந்தாள். மறுபடி உட்கார்ந்தேன். "அழிக்கச் சொல்லு" என்று மட்டும் வாஞ்சியிடம் சொன்னேன்.

பாக்சி அழிக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையோடு ஒட்டிக்கொண்டார். "இதன் எண்ணைப் பாருங்கள். தொண்ணூற்று எட்டு. வாஞ்சி, நீ எதுவரை படித்ததாக உன் கணக்கு சொல்கிறது?"

வாஞ்சி பார்த்தான். "நாலாயிரத்துச் சொச்சம் வரை."

பாக்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஏதேதோ வேகமாகச் சொன்னார். முதலில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோதுதான், இது எங்கள் வங்கியில் நடந்திருக்கக்கூடியதுதான் என்று பட்டது. செய்திகளைச் சேர்த்துவைக்கும் டிஸ்க் தட்டு கெட்டுப்போய், கல்யாண மாதத்தில் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். புதுத் தட்டில் எல்லாப் பலகைச் செய்திகளுக்கும் மறுபடி ஒன்றிலிருந்து எண் போட ஆரம்பித்துவிட்டது. படித்த கணக்கோ வேறு இடத்தில் பழையபடியே இருந்தது. டோக்கன் இன்று காலை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நேற்று நூறு வரை கூப்பிட்டாயிற்றே என்று காஷியர் இன்று வந்தவர்களையெல்லாம் பணம் வாங்கிப் போனவர்களாக வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான். நாலாயிரம் வரை படித்தவன் என்பதால், ஒன்று முதல் வந்த புதுச் செய்தி எல்லாம் வாஞ்சி படித்ததே என்று அது முடிவு கட்டிவிட்டது. சாவுச் செய்தியின் எண் பதினேழு.

சம்பந்திக்கு இதைத் தமிழில் மூன்று தடவை சொன்னோம். புரிந்ததா என்று தெரியாது. ஆனால் தன் கையால் தட்டியதையே அது படித்ததாகக் காட்டியதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

"சாஸ்திரிகளே, இப்ப தீட்டு என்னிக்கு ஆரம்பம்?" என்றார், குரல் இறங்கி.

"காது கேட்ட அன்னிக்கு ஓய். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கேட்டா தீட்டு இல்லை. இவா காதுல நீர்தான் போட்டீர், நேத்திக்கு. பத்து நாள் தாண்டிக் கேட்டதால மூணு நாள். கல்யாணத்துக்கு ஒரு தோஷமும் கிடையாது."

"அப்போ மூணு நாள் கழிச்சு மாட்டுப்பொண்ணை அழைச்சுக்கறேன்."

"எதுக்கு மூணு நாள்? தாலி கட்டினதும் அவ உம்ம கோத்திரம். அவளுக்கு இந்தத் தீட்டே இல்லை. தீட்டு வீட்டுல உம்ம மாட்டுப்பொண்ணை விட்டுவெச்சு என்ன பண்றீர்? இன்னிக்கே அழைச்சுண்டு போம். வீட்டுக்குப் போனதும் ஒரு ஸ்நானம் பண்ணச் சொல்லும்."

அன்று சாயங்காலமே ஜலஜா டாலிகஞ்சுக்குப் போனாள். தீட்டானதால் நான் வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

அதற்கு முன், டாக்ஸியில் திரும்பும்போது டாக்குரியா பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. ஏதோ ஊர்வலம். வாஞ்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ நம்பலை இல்லையாப்பா?" என்றான்.

"நம்பினேன்."

"சுவரைப் பார்த்து நிக்கறச்சே நீ என்னைத்தான் பார்த்துண்டிருந்தே."

நான் வேறொன்று கேட்டேன். "ஒருவேளை அது சரியா காட்டியிருந்து, நீ படிச்சிருந்தேன்னா? சொல்லியிருப்பியா?"

ஊர்வலத்தின் வால் கடந்து போயிற்று. "தெரியலைப்பா" என்றான். டாக்ஸி நகர்ந்தது.

சம்பந்தி எழுதியதைப் பாக்சி அன்று மத்தியானம்தான் அழித்திருக்கிறார். பழைய கணக்கு இருந்தவர்கள் யாருக்கும் அது தென்படவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு மட்டும் கணக்கு ஒன்றிலிருந்து சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் படித்திருக்கிறார். அவர் குடியிருப்பதும் லேக் கார்டன்ஸில்தான்.

அனந்தகிருஷ்ணனின் பிள்ளை சாவை மறைத்தான், அவன் பொய் சொல்கிறான் என்று கம்ப்யூட்டரே எழுதிக் காட்டிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கம்ப்யூட்டர் அப்படி எதையும் எழுதவில்லை. எழுதியவர் டாலிகஞ்ச் பரமசிவம். வாஞ்சிநாதன் அந்தச் சாவுச் செய்தியைப் படிக்கவில்லை.